இருபத்து மூன்று சென்டிமீட்டர்

கை தவறிக் கோப்பை விழுவது எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? விழுந்தது பெரிதில்லை. அதை எடுக்கக் குனிந்த அம்மாவின் இடது கை, கோப்பை கிடந்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய்த் தரையைத் துழாவியதாம். நேற்று சாயங்காலம் அத்தை போனில் இதைச் சொன்ன இடத்தில்தானே நாம் நகயீஸாவை விட்டுவிட்டு வந்தோம்! பாவம், ராத்திரி முழுக்க அவள் கண்ணை மூடவில்லை.

மற்றவர்களுக்கு அது கோப்பை. நகயீஸாவுக்கு அது ரத்தக்குழாய்.

பதினாறு வயதில் அப்பா காப்பித் தோட்டத்தில் சாய்ந்ததைப் பார்த்தவள் அவள். காலையில் சாய்ந்தவர் மத்தியானத்துக்குள் போய்விட்டார். அவருக்கு ஆயுசில் ஒரு தடவையாவது பிரஷர் பார்த்திருந்தார்களா என்றால், இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் டாக்டருக்குப் படித்தாள். படித்து முடித்தவள் வைத்தியம் பார்க்க உட்காராமல் ஆராய்ச்சிக்குப் போனாள். கியாம்புலா ஊரில் இரண்டாயிரத்து முன்னூறு பேர். இரண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று, வீடு வீடாகப் போய் அத்தனை பேர் கையிலும் பிரஷர் பட்டையைக் கட்டி அளந்து எழுதுவது. யாருக்கு எந்த வயதில் ஏறுகிறது, ஏறினவர்களில் யார் சாய்கிறார்கள், ஏன்? பத்தொன்பது வருஷமாக இதே வேலை. தலையில் பாதி நரைத்துவிட்டது.

அந்தப் பதிவேட்டை இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட வேண்டும். மூடிவிட்டால் பிறகு ஒரு எண்ணைக்கூட யாரும் மாற்ற முடியாது. அப்புறம் கட்டுரை, அப்புறம் கம்பாலாவில் பெரியவர்கள் கூடுகிற சபை.

காலை எட்டு மணிக்கு மசாகாவில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், செய்யக்கூடாத காரியம். பதிவேட்டில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். எந்த எண் யார் என்று ஆராய்ச்சிக்காரர் தேடிப் பார்க்கக் கூடாது. ஆனால் முதல் நாள், முதல் தெருவில், தன் அம்மாவைத்தான் ஏழாம் எண்ணாகச் சேர்த்தோம் என்பது பெற்ற மகளுக்கு மறந்துவிடுமா?

ஏழாம் எண்ணைத் திறந்தாள்.

கடைசி மூன்று சுற்று. 118க்கு 72. 116க்கு 74. 120க்கு 74.

அப்பாடா! இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய பிரஷர். அப்படியானால் கோப்பை வெறும் கோப்பைதான். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை ஊற்றிக்கொண்டு, ஆறுதலாக ஒரு வாய் குடித்தாள். குடித்துக்கொண்டே கண் சும்மா பக்கத்துப் பத்திக்குப் போயிற்று.

மேல்கைச் சுற்றளவு. பட்டை பெரிதா சிறிதா என்று முடிவு செய்ய, அளப்பதற்கு முன்னால் கையைச் சுற்றி நாடா பிடித்து எழுதுகிற எண் அது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் ஆறு சுற்றும் முப்பத்து நாலு, முப்பத்து நாலரை, இப்படி. கடைசி மூன்று சுற்று மட்டும் இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்து மூன்று.

தேநீரைக் கீழே வைத்தாள்.

அம்மாவின் கை அவளுக்குத் தெரியாதா? கோமெஸி அங்கி தைக்கப் போனால், "நாலோங்கோவுக்கா? அப்ப கைக்குத் தனியா அரை மீட்டர் துணி வேணும்" என்று தையல்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊருக்கே அவள் நாலோங்கோ. இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடமும் சுமந்த கை அது.

வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு கவூயா உள்ளே வந்தான். நகயீஸாவின் புருஷன். அவள் டாக்டர், அவன் ஊருக்குள் போய் அளக்கிற குழுவின் தலைவன். இந்த ஆராய்ச்சியில்தான் சந்தித்தார்கள், இந்த ஆராய்ச்சியில்தான் கல்யாணமும் ஆயிற்று.

"டாக்டரம்மா முகம் ஏன் வெந்த மட்டோகே வாழைக்காய் மாதிரி இருக்கு?"

"மிரெம்பெ அப்பா, எங்கம்மா கை எவ்வளவு தடிமன் இருக்கும்?"

"என்னது?"

"கை. எங்கம்மா கை."

அவன் கதவைச் சாத்தினான். "காலங்காத்தால என்ன பேச்சு பேசுறே? பதினோரு வருஷமா உங்கம்மா முகத்தையே நான் நேரா பார்த்ததில்லை. கையை எங்கே பார்ப்பேன்?"

அதுவும் சரிதான். மாமியாரும் மருமகனும் கைகுலுக்கக் கூடாது, ஒரே பாயில் உட்காரக் கூடாது, எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கிப் போக வேண்டும். மீறித் தொட்டால் ஒபுக்கோ பிடிக்கும், ஆயுசுக்கும் கை நடுங்கும். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒதுங்கியும் போவார்கள்.

"அப்ப கடைசி மூணு சுற்றும் எப்படி அளந்தீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். பெண்கள் பக்கம் பார்த்துட்டிருந்த நர்ஸம்மா வேலையை விட்டுப் போனப்ப நீதானே ஏற்பாடு பண்ணினே? நான் பலா மரத்தடியில நிப்பேன். மெஷினை உங்கத்தை வாங்கிட்டு உள்ளே போவாங்க, கட்டி விடுவாங்க, எண்ணைக் கத்திச் சொல்லுவாங்க. நாடாவும் அப்படித்தான். நான் எழுதுவேன்."

நகயீஸா கணினியை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பார்த்தான். இருபத்து மூன்று. அத்தையைப் பற்றி அவனுக்குச் சொல்லவா வேண்டும்? நகயீஸா அப்பாவின் தங்கை. அவனுக்குப் பெண் பேசி முடித்தவளே அவள்தான். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற உடம்பு.

சாவி சுழல்வது நின்றது.

"கிளம்புங்க," என்றாள் நகயீஸா. "பெரிய பட்டையையும் எடுத்துக்கோங்க."

வழியெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். ராத்திரி பெய்த மழையில் செம்மண் சாலை வழுக்கியது.

"நான் எழுதினதெல்லாம் என் காதால கேட்டது. ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டலை, தெரியுமில்லை?"

"அதுதான் பயமா இருக்கு. இட்டுக்கட்டியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

இன்னொன்றும் அவள் நெஞ்சைக் குடைந்தது. 'ரத்த உறவுக்காரரைத் தானே அளக்கக் கூடாது' என்று விதி எழுதியவள் அவள். எண்ணில் பாசம் கலந்துவிடக் கூடாதாம். அந்த விதிக்குப் பயந்து, நர்ஸம்மா போன பிறகும்கூட அம்மாவின் கையில் அவள் ஒரு பட்டை கட்டியதில்லை. ஊரான் வீட்டு நாடியெல்லாம் பிடித்தவள், பெற்றவள் நாடியை எட்டி நின்று பார்த்திருக்கிறாள்.

கவூயா வழக்கம் போலப் பலா மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கீங்களா, நாலோங்கோ?" என்றான் மரத்தைப் பார்த்து.

"நல்லா இருக்கேன், ஸெபோ. பிள்ளைங்க சுகமா? வீட்ல சுகமா?" மருமகனுக்கு மரியாதையாக 'ஸெபோ' போட்டு, உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. கொஞ்சம் தடித்த குரல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. நகயீஸா வாசலை நோக்கி விரைந்தாள்.

அத்தை வாசலுக்கு வந்தாள். "வாடி டாக்டரு! ஒரு கோப்பை உடைஞ்சதுக்கு ஆராய்ச்சியா? உன் புருஷன் என்ன, மரத்துக்குப் பிரஷர் பார்க்கிறானா?"

நகயீஸா உள்ளே போய், பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா முன்னால் மண்டியிட்டாள். மகள் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டும். ஊர் சுகம், வீட்டு சுகம், வாழைத்தோட்டத்துச் சுகம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். கேட்டாள். கேட்டுக்கொண்டே பையிலிருந்து பட்டையை எடுத்தாள்.

"எதுக்குடி அது?"

"சும்மா இரும்மா."

"நீ பார்க்கக் கூடாதுன்னு நீயே சட்டம் போட்டியே," என்றாள் அத்தை.

"அத்தை, கொஞ்சம் வாயை மூடுங்க."

அத்தையிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டாள்.

கையைச் சுற்றி நாடா பிடித்தாள், முப்பத்து நாலு; பெரிய பட்டையைக் கட்டினாள். மெஷின் காற்றை நிரப்பியது. நிரப்பிக்கொண்டே போயிற்று. அந்தச் சத்தத்தைப் பத்தொன்பது வருஷத்தில் பல்லாயிரம் தடவை கேட்டிருப்பாள். இவ்வளவு நேரம் அது ஏறி அவள் கேட்டதில்லை.

218க்கு 126.

வலது கை தவறாகச் சொல்லுமோ என்று இடது கையில் கட்டினாள். 216க்கு 126. அந்த இடது கையைத் தூக்கச் சொன்னாள். பாதி எழுந்து, அதுவாகவே மடியில் விழுந்தது.

"உங்க மாப்பிள்ளை கொண்டுவர்ற மெஷினை இத்தனை நாளா யார் கையில கட்டினீங்க?"

அத்தை முற்றத்தில் மேய்கிற கோழியைப் பார்த்தாள். அம்மா பாயின் ஓலையை நிமிண்டினாள்.

"கேட்கிறேன்ல?"

"என் கையிலதான்," என்றாள் அத்தை. "எனக்கென்ன, கை இருக்கு, நேரமும் இருக்கு. இவதான் மாட்டேன்னுட்டா."

"ஏம்மா?"

"உன் புருஷன் ஒழுங்கான மனுஷன்," என்றாள் அம்மா மெதுவாக. "மெஷின் சரியா இருக்கான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் முதல்ல தன் கையில கட்டிப் பார்ப்பார். அவிழ்த்த கையோட அத்தைகிட்ட கொடுப்பார். அந்தச் சூடு ஆறாம உள்ளே வரும். அதை என் கையில கட்டினா, மாப்பிள்ளை என் கையைப் பிடிச்ச மாதிரிதானே?"

நகயீஸா கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். மெஷினைத் தன் கையில் சரிபார்க்கும் பழக்கத்துக்காகக் கவூயாவை அவள் எத்தனை கூட்டத்தில் புகழ்ந்திருக்கிறாள்!

"அதுவும் இல்லாம," அம்மா தொடர்ந்தாள், "நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதானே சாப்பிடறோம்? அவளுக்கு நல்லா இருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்."

"எனக்கு ரொம்ப நல்லா இருக்குன்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்துது," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, சொன்னது தப்பென்று அவளுக்கே பட்டது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மசாகா ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். எழுந்திரு."

"வண்டியை யார் ஓட்டறது?"

"அவர்."

"அப்ப நான் வரலை."

பிக்கப் வண்டியில் முன்னால் ஒரே ஒரு பலகை இருக்கை. மாமியாரும் மருமகனும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வாதாட நேரமில்லை. நகயீஸாவே ஓட்டினாள். அம்மா நடுவில், அத்தை ஓரத்தில். கவூயா பின்னால் திறந்த தொட்டியில் ஏறி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

கியாம்புலா ஏற்றத்தில், தார்ச்சாலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவள் முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. கவூயா குதித்துத் தள்ளினான். வாழைமட்டையை வெட்டிச் சக்கரத்தடியில் போட்டான். வண்டி அசையவில்லை. மழைக்குப் பயந்து சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை.

"நகயீ..." என்றாள் அம்மா. அடுத்து வந்த சொல், சொல்லாக இல்லை. வாயின் இடது ஓரம் தொங்கியது. தலை அத்தையின் தோளில் சரிந்தது.

மேலே தார்ச்சாலைக்கு நூற்றைம்பது அடி இருக்கும். அங்கே போய்விட்டால் ஏதாவது வண்டி கிடைக்கும். நகயீஸாவும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூன்று பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கவூயா நாலடி தள்ளி நின்றான். கை முன்னால் வந்தது, பின்னால் போயிற்று. சொந்தக் கையை அவன் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. 'தூக்குங்க' என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. பதினோரு வருஷ மரியாதையை எந்த வாயால் உடைக்கச் சொல்வது?

அத்தைதான் எழுந்தாள். இடுப்பில் கட்டியிருந்த அகலப் பட்டுக் கச்சையை ஒரே இழுப்பில் உருவினாள். அவள் உடம்புக்கு அது மூன்று சுற்று சுற்றும்.

"இந்தா. இதைக் கையில சுத்திக்கோ. வெறும் கையால தொட்டாத்தானே தோஷம்? உனக்குப் பொண்ணு கொடுத்தவ நான். நான் சொல்றேன், தூக்கு!"

சுற்றிக்கொண்டான். குனிந்தான். அப்போது அம்மாவின் கண் திறந்தது. வலது கை அவனை விலக்கியது.

"வேணாம்," என்றாள் குழறிக்கொண்டு. "கை... நடுங்கிப் போயிடும். மெஷின் பிடிக்கிற கை அது."

இத்தனை வருஷமும் அவள் காப்பாற்றி வந்தது தன் மானத்தை மட்டுமில்லை, அவன் கையையும்தான்.

கவூயா மாமியாரின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான்.

"நடுங்கினா நடுங்கட்டும், நாலோங்கோ. என் கழுத்தைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க."

தூக்கினான். ஏற்றத்தில் இரண்டு தடவை முட்டி மடங்கியது. விடவில்லை. பின்னால் அவிழ்ந்த கோமெஸியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தை ஓடினாள். தார்ச்சாலையில் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு லாரி நின்றது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். மூளையில் ஏதோ ஒரு சின்னக் குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம், படம் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். படம் எடுக்கும் மெஷினுக்கு நாளைக் காலைதான் ஆள் வருவாராம். அது தெரியும்வரை பிரஷரை அவசரப்பட்டு இறக்கவும் முடியாது, ஏற விடவும் முடியாது. நகயீஸாவுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். ஆனால் படுத்திருப்பது அம்மாவாக இருந்தால், தெரிந்ததெல்லாம் பயமாக மாறிவிடுகிறது. தூங்கும் அம்மாவின் இடது விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரல் அசைந்ததா, அசைந்தது போல இருந்ததா?

நேரம் ஐந்தை நெருங்கியபோது தாழ்வாரத்துக்கு வந்தாள். பெஞ்சில் கவூயா உட்கார்ந்திருந்தான். கச்சை இன்னும் கையில் சுற்றியிருந்தது. அதற்குள்ளே இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஏற்றத்துல அவ்வளவு பாரம் தூக்கினா யாருக்கும் நடுங்கும்," என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்குச் சரியாயிடும்."

"நகயீஸா."

அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் பெரிது.

"எனக்கு மாமியார் முறை உங்கம்மா ஒருத்தங்கதானா? உங்கம்மா கூடப்பிறந்தவங்க, பெரியப்பா வீட்டுக்காரங்க, சித்தப்பா வீட்டுக்காரங்க... கியாம்புலாவில பாதி உங்க குலம். அந்த வீடுகள்லயும் நான் மரத்தடியிலதான் நின்னேன். உள்ளே யார் கட்டிவிட்டா, யார் கையில கட்டினான்னு..."

"எத்தனை பேர்?"

சட்டைப் பையிலிருந்து சேறு படிந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். லாரியில் வரும்போதே எழுதியிருக்கிறான், கோணல் மாணலாக. "உங்கம்மாவோட சேர்த்து முப்பத்தொண்ணு."

அவள் விரல் பட்டியலில் இறங்கியது. பன்னிரண்டாவது பெயரில் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மாவின் சின்னத் தங்கை. போன மாதம்தான் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்வந்தார்கள். 'பிரஷர் கிடையாது, காய்ச்சலில் போனாள்' என்று பதிவேட்டில் நகயீஸாதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

போன் அடித்தது. நிலையத்தில் பதிவேட்டுக்குப் பொறுப்பான நபுகீரா.

"டாக்டர், அஞ்சு அடிக்கப் போவுது. மூடிடலாமா? கம்பாலாவிலிருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

பத்தொன்பது வருஷம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பத்தொரு கை, இரண்டாயிரத்து முன்னூறில் ஒரு மூலையில் கரைந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது.

தாழ்வாரத்துக் கதவு வழியாக அம்மாவின் கை தெரிந்தது. பெரிய பட்டை கட்டிய, முப்பத்து நாலு சென்டிமீட்டர் கை.

"மூடாதே."

"டாக்டர்?"

"ஏழாம் எண்ணைத் திற. இன்னைய தேதி போடு. 218க்கு 126. கைச் சுற்றளவு முப்பத்து நாலு."

சாவி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "அளந்தவர் யார்னு கேட்குது, டாக்டர். என்ன எழுத?"

நகயீஸா, நடுங்குகிற புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மகள்னு எழுது."